தேர்வு முடிஞ்சதும் ‘என்ன கேட்டாங்க?’: பதில் சொன்னால் மருத்துவர் உரிமத்துக்கே சிக்கலா?

வெளிநாட்டில் எம்பிபிஎஸ் முடித்துத் திரும்பியவர், தகுதித் தேர்வு எழுதிவிட்டு மையத்திலிருந்து வெளியே வருகிறார். வாசலில் நிற்கும் அப்பாவிடம் கொடுத்துவைத்த போனை வாங்கி ஆன் செய்கிறார். வாட்ஸ்அப் குரூப்பில் முதல் மெசேஜ்: “மச்சான், என்ன கேட்டாங்க? ஞாபகம் இருக்கிறதை மட்டும் போடு.”

உதவிதானே என்று தோன்றும். ஆனால், அந்த ஒரு பதில் விதிமீறல். செங்கல்பட்டு முதல் மாமல்லபுரம் வரை உரிமத் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்கள் பலரும் ஹால் டிக்கெட்டைக் கவனமாகப் படிக்கிறார்கள். இந்த விதியை மட்டும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

எந்தத் தேர்வு இது?

வெளிநாட்டில் மருத்துவம் படித்த இந்தியர்கள் இங்கே மருத்துவராகப் பதிவு செய்ய எழுதும் தேர்வு எஃப்எம்ஜிஇ. தேசிய மருத்துவ அறிவியல் தேர்வுகள் வாரியம் ஆண்டுக்கு இரண்டு முறை நடத்துகிறது. மொத்தம் 300 கேள்விகள். 150 சரியாக இருந்தால் பாஸ். ஒரு மதிப்பெண் குறைந்தாலும் அடுத்த தேர்வு வரை காத்திருக்க வேண்டியதுதான்.

கேள்வியை ஏன் சொல்லக் கூடாது?

கேள்விகள் வாரியத்தின் சொத்து. அவற்றை வெளியிட மாட்டேன் என்ற ரகசியக் காப்பு ஒப்பந்தத்துக்குத் தேர்வர் சம்மதம் தருகிறார். எழுத்தில் மட்டுமல்ல, வாய்மொழியாகவும் பகிரக் கூடாது. முழுக் கேள்வி மட்டுமல்ல, அதன் ஒரு பகுதியும் கூடாது. போட்டோ எடுக்கவில்லை, மனசில் இருந்ததைத்தானே சொன்னேன் என்ற வாதம் எடுபடாது. ‘நான் படிக்காமலே ஓகே கொடுத்துட்டேன்’ என்பதும் அப்படித்தான்.

காரணம் எளிது. நல்ல கேள்வி ஒன்றை உருவாக்கி, அது எவ்வளவு கடினம் என்று கணிப்பது நீண்ட வேலை. அது வெளியே போய்விட்டால், அடுத்து எழுதுபவரின் மதிப்பெண் அவருடைய அறிவைக் காட்டாது. குரூப்பின் பலத்தைத்தான் காட்டும். உரிமத் தேர்வில் அந்த இடைவெளியின் விலையைக் கொடுப்பவர், நாளை அந்த மருத்துவர் முன் உட்காரும் நோயாளி.

உண்மையில் நடவடிக்கை வருமா?

அமெரிக்காவில் மருத்துவர் உரிமத்துக்கான யுஎஸ்எம்எல்இ தேர்வில் 2024 ஜனவரியில் நடந்ததைப் பார்க்கலாம். நேபாளத்துடன் தொடர்புடைய எண்ணூறுக்கும் மேற்பட்டோரின் மதிப்பெண்கள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. யாரையும் ஹாலில் பிட்டோடு பிடிக்கவில்லை. விடைகளின் போக்கைப் புள்ளிவிவர ரீதியாக அலசியபோது, கேள்விகள் முன்பே தெரிந்திருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தது. அதாவது, தேர்வு முடிந்து பல மாதங்கள் கழித்தும் கணக்கு பேசும்.

2024 சட்டம் தேர்வரைத் தண்டிக்குமா?

பொதுத் தேர்வுகளில் முறைகேட்டைத் தடுக்கும் மத்திய சட்டம் 2024 ஜூன் 21-ல் அமலுக்கு வந்தது. யுபிஎஸ்சி, எஸ்எஸ்சி, ரயில்வே, வங்கிப் பணி, என்டிஏ தேர்வுகள் அதன் பட்டியலில் உள்ளன. முறைகேட்டுக்கு 3 முதல் 5 ஆண்டு சிறை. திட்டமிட்ட கும்பலாகச் செய்தால் 5 முதல் 10 ஆண்டு சிறை, குறைந்தது ரூ.1 கோடி அபராதம். இந்தச் சட்டத்தின் குறி, வினாத்தாளைக் கசியவிடும் கும்பல்கள்தான். தேர்வர்கள் அந்தந்தத் தேர்வு அமைப்பின் விதிகளுக்கே கட்டுப்பட்டவர்கள். ‘அப்போ நமக்குப் பிரச்சினை இல்லை’ என்று நினைக்க வேண்டாம். முடிவை ரத்து செய்வதும், மீண்டும் எழுதத் தடை போடுவதும் அந்த விதிகளில்தான் இருக்கின்றன.

எல்லாத் தேர்வுக்கும் ஒரே விதியா?

இல்லை. செங்கல்பட்டு மாவட்டத்தின் புதுப்பாக்கம் அரசு சட்டக் கல்லூரியில் படித்தவர் எழுதும் அகில இந்திய பார் தேர்வில், குறிப்புகள் இல்லாத சட்டப் புத்தகத்தை உள்ளே கொண்டுபோகலாம். ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தால் அதே புத்தகம் வில்லங்கம். எஃப்எம்ஜிஇ மையத்துக்குள் புத்தகம் மட்டுமல்ல. வாட்ச், மோதிரம், செயின், மூக்குத்திக்கும் அனுமதி இல்லை.

கிளம்பும் முன் பார்க்க வேண்டியவை

• அனுமதி அட்டையில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றா? இனிஷியல் தகராறு இருந்தால் முன்பே சரிசெய்யுங்கள்.

• அடையாள அட்டை ஒரிஜினல் வேண்டும். போனில் உள்ள படத்தை நம்பிப் போகாதீர்கள். போனே உள்ளே போகாது.

• தேர்வு நேரத்தை அல்ல, கேட் மூடும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு வந்து மின்சார ரயில் பிடிப்பவர்கள், ஞாயிற்றுக்கிழமை என்றால் அன்றைய அட்டவணையைத் தனியாகப் பாருங்கள்.

• ‘ஒரிஜினல் பேப்பர்’ என்று யாராவது பணம் கேட்டால் வாங்காதீர்கள், ஃபார்வர்டும் செய்யாதீர்கள். ஸ்கிரீன்ஷாட்டோடு வாரியத்துக்கோ சைபர் க்ரைம் உதவி எண் 1930-க்கோ தெரிவியுங்கள்.

எந்தப் பாடம் கஷ்டம், நேரம் போதுமானதாக இருந்ததா என்று நண்பரிடம் புலம்பலாம். கேள்வி எண்ணும் நான்கு விடைகளும் பேச்சில் வரும்போது நிறுத்திக்கொள்ள வேண்டும். “எழுதிட்டேன்டா, பார்க்கலாம்” என்ற பதில் போதும்; ஐந்தாறு வருடப் படிப்பைப் பணயம் வைக்கும் அளவுக்கு அந்த மெசேஜ் அவசரமானது அல்ல.