பதினொன்றாம் வகுப்பில் எந்த வாசல்?

விம்கோ நகரில் இரயிலை விட்டு இறங்குவோருள் எத்தனை பேர் அப்பெயரின் பொருளை எண்ணிப் பார்த்திருப்பர்? 'வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி' என்னும் தீப்பெட்டி நிறுவனத்தின் பெயர்ச் சுருக்கமே விம்கோ என்பதாகும். ஓர் ஆலை, ஊருக்கே பெயராகிவிட்டது. அந்நிறுவனம் 2005இல் ஐ.டி.சி.யின் கைக்கு மாறிற்று. நிறுவனம் கை மாறினாலும் ஊரின் பெயர் மாறவில்லை.

இப்பகுதியின் வரலாறே ஆலைகளின் வரலாறுதான். 1946இல் திருவொற்றியூரில் விளையாட்டுப் பலூன் செய்யும் சிறு கொட்டகையாகத் தொடங்கியதே இன்றைய எம்.ஆர்.எஃப். 1948இல் பிறந்த அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் வேரூன்றி அசோக் லேலண்ட் ஆயிற்று. 1955 முதல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்கள் திருவொற்றியூரிலிருந்து சாலைக்கு வந்தன. ஒரு தலைமுறைக்கு முன்புவரை இங்குள்ள வீடுகளில் மகனின் எதிர்காலத்தைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டிய நிலை இருக்கவில்லை. அத்தா ஆலையில் இருப்பார். மகனும் ஒருநாள் அதே வாயிலில் நுழைவான் என்ற நம்பிக்கை இருந்தது. அவ்வாறு இல்லையெனில் மாமாவின் கடை. அதுவும் இல்லையெனில் வளைகுடா விசா.

அந்த நம்பிக்கை தளர்ந்துவிட்டது. பெரம்பூர் பின்னி ஆலை 1996இல் மூடப்பட்டபோது வடசென்னை முழுவதும் அதை உணர்ந்தது. என்ஃபீல்டு நிறுவனத்தின் புதிய பெரும் ஆலைகள் நகரின் மறுகோடிக்கும் அப்பால், ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் எழுந்தன. வளைகுடா நாடுகளும் இப்போது தம் நாட்டு இளைஞர்களுக்கே முதலிடம் தருகின்றன. ஆகவே, பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும் நாளில் நம் வீட்டுப் பிள்ளை எந்தப் பிரிவை எடுப்பது என்ற கேள்வி, முன்னெப்போதையும் விடக் கனமானதாக ஆகியிருக்கிறது.

ஆனால் அக்கேள்விக்கு நம் இல்லங்களில் விடை காணப்படும் முறை எத்தகையது? மதிப்பெண் கூடுதலாக இருந்தால் அறிவியல் பிரிவு, நடுத்தரமாக இருந்தால் வணிகவியல், குறைந்துபோனால், "தொழிற்கல்வியில் இடம் கிடைத்தால் சேர்த்து விடுவோம், என்ன செய்வது?" என்று ஒரு பெருமூச்சு. பிள்ளையின் கை எதில் இயல்பாகச் செல்கிறது, மனம் எதில் நிலைக்கிறது என்று கேட்பார் அரிது. பதினைந்து வயதுப் பிள்ளையின் விருப்பப் பாடத்தை அவனைத் தவிர மற்றெல்லாரும் விரும்பித் தேர்ந்தெடுக்கும் விந்தை நம்மிடையே நடைபெறுகிறது.

தொழிற்கல்வியைக் கண்டு நம் தமிழகம் தயங்குவதற்குக் காரணம் உண்டு. 1953இல் இராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது, தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் அரைநாள் பள்ளியிலும் மீதி நேரம் தந்தையின் தொழிலிலும் பழக வேண்டும் என்ற திட்டம் கொண்டு வரப்பட்டது. 'குலக்கல்வி' என்று பெயர் பெற்ற அது கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் கைவிடப்பட்டது. பிறப்பால் தொழிலைச் சுமத்துவதை நம் மார்க்கமும் ஏற்காது. எனினும், அன்றைய கசப்பினால் கைத்தொழில் கற்பதே இழிவு என்ற எண்ணமும் உடன் சேர்ந்து தங்கிவிட்டது. சுமத்தப்படும் தொழில் வேறு. பிள்ளை தானே தேர்ந்தெடுக்கும் தொழிற்பாடம் வேறு. இந்த வேறுபாட்டை நாம் மறந்துவிட்டோம்.

இந்நாட்டின் கல்விச் சிந்தனையாளர்கள் அதை மறக்கவில்லை. 1937இல் வார்தா மாநாட்டையடுத்துக் கைத்தொழில் வழியே கல்வி என்னும் ஆதாரக் கல்வித் திட்டத்தை வகுத்த குழுவுக்குத் தலைமை ஏற்றவர் டாக்டர் ஜாகிர் ஹுசேன் அவர்கள். ஜாமிஆ மில்லிய்யாவை வறுமையிலும் கட்டிக்காத்தவர். பின்னாளில் குடியரசுத் தலைவராக உயர்ந்தவர். அடுத்து, சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருபத்தேழு ஆண்டுகள் பணியாற்றிய டாக்டர் ஏ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு (1952-53) பல்நோக்குப் பள்ளிகளைப் பரிந்துரைத்தது. 1964-66 கோத்தாரி குழு மேல்நிலைக் கல்வியில் தொழிற்கல்விக்கு அழுத்தம் தந்தது. தமிழகத்தில் 1978இல் மேல்நிலை வகுப்புகள் தொடங்கியபோது பொதுக்கல்வியோடு தொழிற்கல்விப் பிரிவும் உடன் பிறந்தது. அதே ஆண்டில், வேலூரில் பிறந்த டாக்டர் மால்கம் ஆதிசேசையா தலைமையிலான தேசியக் குழு, மேல்நிலைக் கல்வியை மறு ஆய்வு செய்து தொழிற்கல்வியை வலியுறுத்தி அறிக்கை அளித்தது. நாற்பதாண்டுகளுக்கும் மேலாக இந்த வாசல் திறந்தே இருக்கிறது. நாம்தான் அதைக் கொல்லைப்புற வாசலாகக் கருதிவிட்டோம்.

அப்பிரிவில் என்னதான் கற்பிக்கிறார்கள்? அடிப்படை இயந்திரவியல், மின் பொறியியல், மின்னணுப் பொறியியல், கட்டடப் பொறியியல், தானியங்கி ஊர்திப் பொறியியல் ஆகியன ஒரு பக்கம். செவிலியம், நெசவியலும் ஆடை வடிவமைப்பும், உணவு மேலாண்மை, வேளாண் அறிவியல் ஆகியன மறு பக்கம். அலுவலக மேலாண்மையும் செயலியலும், கணக்குப்பதிவியலும் தணிக்கையியலும் என்று வணிகம் சார்ந்தவையும் உள்ளன. கருத்தியல், செய்முறை என இரண்டும் உண்டு. வேலைவாய்ப்புத் திறன்களுக்கெனத் தனிப் பாடநூலே இருக்கிறது. நேர்காணலில் எவ்வாறு பேசுவது, குழுவாக எவ்வாறு பணிபுரிவது என்பனவற்றை நம் காலத்தில் அடிபட்டுத்தான் கற்றோம்!

"இதைப் படித்தால் மேலே போக முடியாதே?" என்பது பெற்றோரின் வழக்கமான அச்சம். இங்குச் சற்று நின்று விவரமாகவே பார்ப்போம். மேல்நிலைத் தொழிற்கல்வி முடித்தவர், தமக்குரிய பிரிவுகளில் பாலிடெக்னிக் பட்டயப் படிப்பின் இரண்டாம் ஆண்டிலேயே நேரடியாகச் சேரலாம், ஓராண்டு மிச்சமாகும். தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் தொழிற்கல்வி மாணவர்க்கெனத் தனி ஒதுக்கீடு உண்டு. தொழிற்பாடத்தின் கருத்தியலும் செய்முறையும், தொடர்புடைய ஓர் அறிவியல் அல்லது கணிதப் பாடமும் அதில் கணக்கில் கொள்ளப்படுகின்றன. கணக்கும் தணிக்கையும் படித்தவர் பட்டயக் கணக்கர் படிப்பின் அடிப்படைத் தேர்வை எழுதலாம், பி.காம். சேரலாம். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தோர்க்குத் தொழில்முறைப் படிப்புகளில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு மருத்துவத்தில் 2020இலும், பொறியியல் முதலானவற்றில் 2021இலும் வந்தது. முஸ்லிம்களுக்கான 3.5 விழுக்காடு 2007இல் கிடைத்தது. கிடைத்த உரிமைகளைப் பயன்படுத்த, அவற்றை அறிந்திருக்க வேண்டுமல்லவா?

மூடிய கதவுகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மருத்துவப் படிப்புக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் தேவை; பி.எஸ்சி. நர்சிங்கிற்கும் அவ்வாறே. ஆகவே, 'செவிலியம்' என்ற பெயரை மட்டும் பார்த்துவிட்டு, பட்டச் செவிலியராக விரும்பும் மகளைத் தொழிற்கல்விச் செவிலியத்தில் சேர்த்தால் பின்னால் கண்ணீர்தான் மிஞ்சும். அவளுக்கு அறிவியல் பிரிவே ஏற்றது. பட்டயச் செவிலியத்திற்கு இவ்வளவு கட்டுப்பாடு இல்லை. இந்த ஒரு விவரத்தை அறியாததால் இரண்டாண்டுகளை இழந்த பெண்பிள்ளைகள் உண்டு.

மற்றொரு குறையும் இருக்கிறது. ஓய்வு பெற்ற தொழிற்கல்வி ஆசிரியர்களின் இடங்கள் நிரப்பப்படாமல் பல பள்ளிகளில் பிரிவுகளே மூடப்பட்டுள்ளன. பிள்ளைகள் சேரவில்லை என்று பிரிவை மூடுவதும், ஆசிரியர் இல்லை என்று பிள்ளைகள் சேராதிருப்பதும் ஒன்றையொன்று துரத்தும் வட்டம். பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்பதற்கு இதைவிடத் தகுந்த கேள்வி இல்லை. அக்கூட்டங்களில் நம்மவர் எத்தனை பேர் அமர்ந்திருக்கிறோம் என்பது வேறொரு கேள்வி.

இனித் தலைமைப் பண்பு. தொழில் கைக்கு வந்துவிட்டால் போதாது. நால்வரை இணைத்து வேலை நடத்தும் ஆற்றலும் வேண்டும். பள்ளிகளில் இதற்கும் இடம் இருக்கிறது. 1948இல் தொடங்கிய தேசிய மாணவர் படை, 1969இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம், சாரணர் இயக்கம், இளஞ்செஞ்சிலுவைச் சங்கம் ஆகியவை அவை. நாட்டு நலப்பணித் திட்ட முகாமை எடுத்துக்கொள்வோம். ஏழு நாட்கள் வெளியிடத்தில் தங்கல். அத்தனை பேருக்குச் சமையல் சாமான் எவ்வளவு, யார் பெருக்குவது, யார் ஊர்ப் பெரியவரிடம் பேசுவது, வரவு செலவுக் கணக்கை யார் எழுதுவது என்றெல்லாம் மாணவரே முடிவு செய்யப் பழகுகின்றனர். மேடைப் பேச்சை விட இந்த அரிசிக் கணக்கில்தான் தலைமை பிறக்கிறது என்பது என் எண்ணம். "படிப்புக் கெடும், வெயிலில் கறுத்துப் போவான்" என்று முகாமுக்கு அனுப்ப மறுக்கும் தாய்மார்கள் சற்று யோசிக்க வேண்டுகிறேன்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைப் பள்ளிவாசல்கள் பிற சமயத்தார்க்கும் கதவு திறந்ததை நாடே பார்த்தது. உணவுப் பொட்டலம் கட்டியோர் ஆயிரம் பேர். ஆனால் எந்தத் தெருவில் எத்தனை குழந்தைகள், யாருக்கு மருந்து வேண்டும் என்று பட்டியல் போட்டு ஆளை அனுப்பத் தெரிந்தவர் சிலரே இருப்பர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் பரவி எண்ணூர்க் கழிமுகத்தைக் கறுப்பாக்கியபோதும் அவ்வாறான சிலரே தேவைப்பட்டனர். அச்சிலரைப் பலராக்கும் பயிற்சிக் களம் பள்ளிதான்.

இளமையைக் காரணம் காட்டிப் பொறுப்பை மறுப்பது நம் மரபும் அன்று. பெருமானார் (ஸல்) அவர்கள், மூத்த தோழர்களும் அடங்கிய படைக்கு, இருபது வயதை எட்டியும் எட்டாத உஸாமா இப்னு ஸைத் (ரலி) அவர்களைத் தலைவராக்கினார்கள். இளைஞர் ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களை யூதர்களின் எழுத்தைக் கற்கும்படி ஏவினார்கள். அவர் சில நாட்களிலேயே கற்றுத் தேர்ந்தார். பின்னாளில் திருமறையைத் தொகுக்கும் பெரும்பொறுப்பும் அவரிடமே வந்தது. யாருக்கு எது பொருந்தும் என்று கண்டு ஒப்படைத்ததே அங்கே சிறப்பு. தாவூத் நபி (அலை) அவர்கள் இரும்புக் கவசம் செய்ததையும் ஸகரிய்யா நபி (அலை) அவர்கள் தச்சராக உழைத்ததையும் ஜும்ஆ மேடையில் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து 'வெல்டிங்' படிக்கும் மகனைக் குறைவாகப் பேசுவது எங்ஙனம் பொருந்தும்?

பெண்பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல். "தூரம் அனுப்ப மாட்டோம்" என்பது பல இல்லங்களின் முடிவு. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பின் அந்தத் தூரம் சுருங்கிவிட்டது. வண்டி மாறாமல் கிண்டி வரை செல்லலாம். அங்கே பெண்களுக்கென்றே அரசு தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வி செல்லும் மாணவியர்க்கு மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், மாணவர்க்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கப்பட்டன. பள்ளி மாணவர்க்குத் தொழில்வழி காட்டும் 'நான் முதல்வன்' திட்டம் 2022 மார்ச்சில் தொடங்கிற்று. இவை பற்றிய அறிவிப்பை ஜும்ஆ முடிந்ததும் இரண்டு நிமிடம் வாசிக்க ஜமாஅத் நிர்வாகிகள் ஏற்பாடு செய்தால் யாருக்கும் இழப்பில்லை.

தேர்வு முடிவு வந்த மறுநாள் பள்ளிக்குச் செல்லும்போது பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். தலைமையாசிரியரிடம் கேட்க வேண்டியவை சில. தொழிற்பாடத்திற்கு நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா? செய்முறைக் கூடம் திறந்திருக்கிறதா, பூட்டியிருக்கிறதா? அதைக் கண்ணால் பார்க்க அனுமதிப்பார்களா? சென்ற ஆண்டு இப்பிரிவில் தேறியவர்கள் எங்கே சேர்ந்தார்கள்? மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியலோடு சாதிச் சான்றிதழையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பிற்படுத்தப்பட்ட வகுப்பு முஸ்லிம் என்று பதிவாகியிருக்கிறதா என்பதை வீட்டிலேயே ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. இல்லையெனில் இ-சேவை மையத்தில் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். சேர்க்கை நாட்களில் அங்கே கூட்டம் அதிகம்.