கணவர்களை முதுகில் சுமந்து இறங்கிய பெண்கள்... ஒரு ஜெர்மன் மலைக்கோட்டையின் கதை!

ஊரைச் சுத்தி எதிரிப் படை. சாப்பாடு தீர்ந்துபோச்சு. `பெண்கள் மட்டும் போகலாம், தோளில் தூக்க முடிந்ததை எடுத்துக்கலாம்' என்று எதிரி ராஜா சொல்கிறார். நீங்க எதை எடுப்பீங்க? நகையா, பணமா?

தெற்கு ஜெர்மனியில் ஹைல்பிரான் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற வைன்ஸ்பெர்க் ஊர்ப் பெண்கள், எடுத்தது அவங்கவங்க புருஷனை!

திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே, சின்னக் குன்றின் உச்சியில் இடிந்து நிற்கிறது அந்தக் கோட்டை. பெயர் `வைபர்ட்ரோய்'. `பெண்களின் விசுவாசம்' என்று அர்த்தம்.

ராஜா கொடுத்த வாக்கு

வருஷம் 1140. ஜெர்மன் அரியணைக்காக ஸ்டாஃபர், வெல்ஃப் என்ற இரண்டு குடும்பங்களுக்கு இடையே கடும் போட்டி. ஸ்டாஃபர் குடும்பத்து அரசர் மூன்றாம் கொன்ராட், வெல்ஃப் கையில் இருந்த வைன்ஸ்பெர்க்கை முற்றுகையிட்டார். உதவிக்கு வந்த ஆறாம் வெல்ஃபின் படை டிசம்பரில் தோற்றுப்போக, கோட்டை சரணடைந்தது.

ஆண்களுக்கு மரணம் நிச்சயம் என்ற நிலையில்தான் பெண்களுக்கு அந்தச் சலுகை கிடைத்தது. அவர்கள் கணவர்களை முதுகில் ஏற்றிக்கொண்டு இறங்கி வர, அரசரின் அண்ணன் பிரெடெரிக் கடுப்பாகிவிட்டார். `இதுக்கா அனுமதி கொடுத்தோம்?' என்பது அவர் கேள்வி. கொன்ராடோ, `அரசன் சொன்ன சொல்லை மாற்றக் கூடாது' என்று எல்லோரையும் போகவிட்டார்.

இது நிஜமா, கட்டுக்கதையா? சம்பவம் நடந்து சில பத்தாண்டுகளில் எழுதப்பட்ட கொலோன் அரச வரலாற்றுக் குறிப்பிலேயே இந்தக் கதை இருக்கிறது. ஆனாலும், வரலாற்றாசிரியர்களிடையே விவாதம் இன்னும் முடியவில்லை. முற்றுகையும் சரணடைதலும் மட்டும் சந்தேகமில்லாத உண்மை.

எடுபடாத கெஞ்சல்

கோட்டை இடிந்தது அந்தப் போரில் இல்லை. அதற்கு இன்னும் 385 வருஷம் ஆனது.

1525-ல் ஜெர்மனியின் பல பகுதிகளில் விவசாயிகள் கொதித்தெழுந்தார்கள். வரிச்சுமை ஒரு பக்கம், பண்ணையடிமை முறை இன்னொரு பக்கம். காட்டில் விறகு எடுக்க, ஆற்றில் மீன் பிடிக்கக்கூட உரிமை இல்லை. ஏப்ரல் 16, ஈஸ்டர் ஞாயிறு அன்று யாக்லைன் ரோர்பாக் உள்ளிட்டோரின் தலைமையில் வந்த விவசாயிகள், வைன்ஸ்பெர்க்கைப் பிடித்துக் கோட்டைக்குத் தீ வைத்தார்கள்.

பொறுப்பில் இருந்த பிரபு லுட்விக் ஃபான் ஹெல்ஃபென்ஸ்டைன் சிக்கினார். அவர் மனைவி மார்கரெத்தா, பேரரசர் முதலாம் மாக்ஸிமிலியனின் மகள். கைக்குழந்தையோடு வந்து கணவரின் உயிருக்காகக் கெஞ்சினார். இந்த முறை யாரும் இரங்கவில்லை. இரண்டு வரிசையாக ஈட்டிகளோடு நின்றவர்களுக்கு நடுவே ஓடவிட்டு, லுட்விக்கைக் கொன்றார்கள்.

பதிலடி அதைவிடக் கொடூரம். மே மாதம் பிரபுக்களின் படை வந்து வைன்ஸ்பெர்க் ஊரையே எரித்தது. ரோர்பாக்கை உயிரோடு கொளுத்தினார்கள். ஒரே மலை... ஒரு முறை கருணை, ஒரு முறை பழிவாங்கல்!

காப்பாற்றிய டாக்டர்

அதன் பிறகு கோட்டையைத் திரும்பக் கட்டவே இல்லை. ஊர்க்காரர்களுக்கு அது இலவசக் கல் குவாரி. வீடு கட்ட வேண்டுமா, நாலு கல்லைப் பெயர்த்து எடுத்துக்கோ!

1819-ல் அரசு மருத்துவராக இந்த ஊருக்கு வந்த கவிஞர் யுஸ்டினஸ் கெர்னரால் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. 1820-களில் பெண்கள் சங்கம் ஒன்றைத் தொடங்கி, இடிபாடுகளைப் பராமரிக்க நிதி திரட்டினார். கோட்டையின் கல் துண்டுகளைப் பதித்த மோதிரங்களை விற்றதும் அதற்காகத்தான். காற்று பட்டாலே தானாக ஒலிக்கும் யாழ்களைக் கோபுரத்தில் வைத்ததும் அவர் ஐடியாவே. கோட்டை இன்றும் அந்தச் சங்கத்தின் வழிவந்த அமைப்பின் கையில்தான் இருக்கிறது.

ஒரு போனஸ் தகவல்... கெட்டுப்போன சாசேஜ் சாப்பிட்டவர்கள் ஏன் இறக்கிறார்கள் என்று ஆராய்ந்து, அந்த விஷத்தை முதன்முதலில் விரிவாக விவரித்தவரும் இதே கெர்னர்தான். அளவாகக் கொடுத்தால் அது மருந்தாகலாம் என்றும் அப்போதே யோசித்தார். முகச்சுருக்கத்துக்குப் போடுகிற பொட்டாக்ஸ் ஊசியில் இருப்பது அந்த விஷமேதான்!

மிஞ்சியிருப்பது சில சுவர்களும் கோபுரங்களும்தான். ஆனாலும் மக்கள் ஏறிப் போகிறார்கள். ஜெயித்தவர் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினால் என்ன நடக்கும், கோபம் மட்டுமே பேசினால் என்ன நடக்கும் என்ற இரண்டுக்கும் அந்த மலை சாட்சி. ஜெர்மனி போகிற பிளான் இருந்தால், லிஸ்ட்டில் வைன்ஸ்பெர்க்கையும் சேர்த்துக்கோங்க!