வாகனத் தலைநிமிர் காட்சித்திரை: குறைந்த செலவும் குறைந்த கண்கூச்சமும்

தலைநிமிர் காட்சித்திரை அல்லது ஹெட்-அப் டிஸ்ப்ளே என்பது வாகனத்தின் வேகம், திரும்ப வேண்டிய திசை, எச்சரிக்கைக் குறிகள் போன்ற தகவல்களை ஓட்டுநரின் பார்வைக் கோட்டிலேயே, சாலையின் மீது மிதப்பது போலக் காட்டும் கருவியாகும். சுருக்கமாக ஹெச்யூடி எனப்படும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடும். அந்த நொடியில் ஓட்டுநர் தலை குனிந்து வேகமானியைப் பார்த்தால், அத்தனை தூரமும் சாலையைப் பாராமலே ஓட்டியதாகும். அதைத் தவிர்ப்பதே இக்கருவியின் நோக்கம்.

வரலாறு

இத்தொழில்நுட்பம் போர் விமானங்களில் தோன்றியது. கார்களில் 1988-இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஓல்ட்ஸ்மொபைல் கட்லஸ் சுப்ரீம் வழியாக அறிமுகமானது. இந்தியாவின் தேஜஸ் இலகுரகப் போர் விமானத்துக்கான ஹெச்யூடியைச் சண்டிகரிலுள்ள மத்திய அறிவியல் கருவிகள் நிறுவனம் உருவாக்கியது. இந்தியக் கார் சந்தையில் 2019-இல் கியா செல்டோஸ், 2022-இல் மாருதி சுசுகி பலேனோ, பிரெஸ்ஸா ஆகியவற்றின் உயர்நிலை வகைகளில் இவ்வசதி இடம்பெற்றது. விலை குறைந்த வகைகளை வாங்குவோருக்கு இது இன்னும் எட்டவில்லை.

செயல்படும் முறை

ஒரு சிறிய ஒளிர்திரை, ஒளியைத் திருப்பும் ஆடி, ஒளியின் ஒரு பகுதியை எதிரொளித்து மறுபகுதியை ஊடுருவ விடும் கண்ணாடி ஆகிய மூன்றும் இதன் உறுப்புகள். எதிரொளிக்கும் பரப்பாக வாகனத்தின் முன்கண்ணாடியையே பயன்படுத்துவது ஒரு வகை. டேஷ்போர்டின் மேல் தனியாக நிற்கும் சிறு ஒளிபுகு தகட்டைப் பயன்படுத்துவது மற்றொரு வகை. இத்தகடு கம்பைனர் எனப்படும்.

சமதளத் தகட்டில், திரை தகட்டுக்கு முன்னால் எவ்வளவு தொலைவில் உள்ளதோ, பிம்பம் அதே அளவு பின்னால் தோன்றும். அதனால் பிம்பம் கண்ணுக்கு அருகிலேயே இருக்கும். சாலைக்கும் பிம்பத்துக்கும் இடையே கண் மீண்டும் மீண்டும் குவியத்தை மாற்ற வேண்டிவரும். நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு இது கடினம். தகட்டைக் குழி ஆடி போல வளைத்தால் பிம்பம் விலகிச் செல்லும். எடுத்துக்காட்டாக, குவியத் தொலைவு 30 செ.மீ. உள்ள தகட்டிலிருந்து 25 செ.மீ. தொலைவில் திரையை வைத்தால், மாய பிம்பம் தகட்டுக்குப் பின்னால் 150 செ.மீ. தொலைவில், ஆறு மடங்கு பெரிதாகத் தோன்றும். கண்ணுக்கும் தகட்டுக்கும் இடையே 70 செ.மீ. இருந்தால், பிம்பத்தின் மொத்தத் தொலைவு 2.2 மீட்டர் ஆகும்.

கண்கூச்சமும் தெளிவின்மையும்

பின்புல வெளிச்சம்: பிம்பம் தெரிய வேண்டுமானால், பிம்பமும் பின்புலமும் சேர்ந்த ஒளிர்வு, பின்புல ஒளிர்வைப் போல் குறைந்தது 1.2 மடங்காவது இருப்பது நல்லது. பிரகாசமான வானத்தின் ஒளிர்வு சதுர மீட்டருக்கு 8,000 கேண்டலா எனக் கொள்வோம். 1,000 கேண்டலா ஒளிர்வுள்ள கைப்பேசித் திரையை 20 விழுக்காடு எதிரொளிக்கும் தகட்டில் பார்த்தால் கிடைப்பது 200 கேண்டலா மட்டுமே. விகிதம் 1.025. இரவில் அழகாகத் தெரியும் கைப்பேசி ஹெச்யூடி பகலில் மறைந்துபோவதற்குக் காரணம் இதுவே. 1.2 என்ற விகிதத்தை எட்ட 8,000 கேண்டலா திரை தேவை. ஆனால் பிம்பத்தை வானத்தின் மீது விழச் செய்யாமல் கருந்தார்ச் சாலையின் மீது விழச் செய்தால், பின்புலம் ஏறத்தாழ 3,000 கேண்டலாவாகக் குறையும்; 3,000 கேண்டலா திரையே போதும். செலவைக் குறைக்கும் முதல் வழி, தகட்டைச் சற்றுத் தாழ்வாக வைப்பதே.

இரட்டை பிம்பம்: கண்ணாடியின் உட்பரப்பும் வெளிப்பரப்பும் தனித்தனியே எதிரொளிப்பதால் எழுத்துகள் இரண்டாகத் தெரியும். உயர்விலைக் கார்களில் இதற்காக முன்கண்ணாடியின் உள்ளிருக்கும் பிளாஸ்டிக் படலத்தை மிக நுண்ணிய ஆப்பு வடிவில் செய்கிறார்கள். இந்தக் கண்ணாடி உடைந்தால் மாற்றுவதற்கும் செலவு அதிகம். மெல்லிய தகடும், அதன் ஒரு பக்கத்தில் மட்டும் எதிரொளிப்புப் பூச்சும் மலிவான மாற்று.

இரவு ஒளிர்வு: பகலுக்கு ஏற்ற ஒளிர்வு இரவில் கண்ணைக் கூசச் செய்து, எதிரே நடந்து வருபவரையே மறைத்துவிடும். ஒளி உணர் மின்தடை ஒன்றைப் பொருத்தித் திரையின் ஒளிர்வைத் தானாகக் குறைப்பது மிகச் சிறிய செலவில் முடிவது. எல்சிடி திரையின் கருமை முழுக் கருமை அல்ல. இரவில் அது சாம்பல் நிறக் கட்டமாகத் தெரியும். பின்னொளியையும் சேர்த்துக் குறைத்தால்தான் இக்குறை நீங்கும்.

நெய்வேலி போன்ற ஊர்களின் சூழல்

நெய்வேலி நகரியம் ஏறத்தாழ 11.5 பாகை வட அகலக்கோட்டில் உள்ளது. அதனால் ஏப்ரல் 20-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 23-ஐ ஒட்டியும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். முன்கண்ணாடி வகை ஹெச்யூடியின் ஒளிவழி டேஷ்போர்டிலிருந்து மேல்நோக்கித் திறந்திருக்கும். உச்சி வெயில் அதே வழியாக உள்ளே இறங்கினால், குழி ஆடி அதனைத் திரையின் மீதே குவித்துச் சூடாக்கும். குளிர்நாடுகளுக்காக வடிவமைத்த கருவியை அப்படியே இங்கே பொருத்துவது இதனால் சரிவராது. அகச்சிவப்புக் கதிரைத் தடுக்கும் ஆடி, வெப்பத்தைக் கடத்தும் அலுமினியத் தகடு, வண்டி நிற்கும்போது மூடிக்கொள்ளும் மூடி ஆகியவை தேவைப்படும்.

கடலூர்–விருத்தாசலம் சாலை பெரும்பாலும் கிழக்கு மேற்காகச் செல்வது. காலையில் கடலூர் நோக்கியும் மாலையில் விருத்தாசலம் நோக்கியும் ஓட்டுபவரின் முகத்தில் சாய்வெயில் விழும். சுரங்கமும் அனல்மின் நிலையமும் உள்ள பகுதியில் தூசும் சாம்பலும் கண்ணாடியில் படிவது இயல்பு. படிந்த தூசு ஒளியைச் சிதறடித்துக் கூச்சத்தை அதிகமாக்கும். எனவே எளிதில் துடைக்கக்கூடிய, கழற்றி மாட்டக்கூடிய தகடு இங்கே பொருத்தமானது. திரையைச் சுற்றிக் கறுப்பு மங்கல் பூச்சும் சிறு மறைப்பும் வைத்தால் வேண்டாத எதிரொளிப்பு குறையும்.

சட்டமும் பாதுகாப்பும்

மலிவாக விற்கும் சில கருவிகளுடன் முன்கண்ணாடியில் ஒட்டுவதற்கு எதிரொளிப்புப் படலம் ஒன்றும் தரப்படுகிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 100-ஆம் விதிப்படி முன்கண்ணாடி குறைந்தது 70 விழுக்காடு ஒளியை ஊடுருவ விட வேண்டும். கண்ணாடிகளில் கறுப்புப் படலம் ஒட்டுவதை உச்ச நீதிமன்றம் 2012-இல் தடை செய்தது. ஆகவே முன்கண்ணாடியைத் தொடாத தனித் தகடே பாதுகாப்பான தேர்வு. ஆனால் அத்தகடு உடைந்தால் கூர்மையான சில்லுகளாகச் சிதறாத பாலிகார்பனேட்டால் ஆனதாகவும், காற்றுப்பை விரியும் வழியில் நிற்காததாகவும் இருக்க வேண்டும்.

குறைபாடுகள்

சாய்ந்த கண்ணாடியில் எதிரொளிக்கும் ஒளி பெருமளவு தளவிளைவுற்றது. அதனால் போலராய்டு வெயில் கண்ணாடி அணிந்தவருக்குப் பிம்பம் மங்கும் அல்லது மறையும். பார்வைக் கோட்டில் தகவல்களை அளவுக்கு மீறிக் குவித்தால், எந்தக் கவனச் சிதறலைத் தவிர்க்க இக்கருவி வந்ததோ அதையே இது உண்டாக்கும். வேகம், திசை, ஓர் எச்சரிக்கைக் குறி ஆகிய மூன்றோடு நிறுத்திக்கொள்வது செலவையும் குறைக்கும், கண்ணையும் காக்கும்.