பாட்டு நின்றது, ஆறு நகர்ந்தது

விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூர் அபிராமேசுவரர் மீது இரட்டைப் புலவர்கள் கலம்பகம் பாடியிருக்கிறார்கள். ஒருவருக்குக் கண் தெரியாது, மற்றவருக்குக் கால் நடவாது. பார்வையற்றவர் தோளில் சுமக்க, சுமக்கப்படுபவர் வழி சொல்வார். வெண்பாவின் முதல் பாதியை ஒருவர் பாடினால் மறுபாதியை மற்றவர் முடிப்பார் என்பது வழிவழி வரும் செய்தி. வெண்பா இலக்கணம் இருவருக்கும் பொது: தளை தட்டக் கூடாது, ஈற்றடி முச்சீரில் முடிய வேண்டும். இந்த உடன்பாடு இருந்ததால், ஒருவர் மனத்தில் ஓடுவதை மற்றவர் அறியாமலே பாட்டு முழுமையானது.

நுண்சேவைகள் எனப்படும் மைக்ரோசர்வீசஸ் கட்டமைப்புக்கும் உயிர் அந்த உடன்பாடுதான். பெரிய மென்பொருள் ஒன்றைச் சிறு சேவைகளாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு சேவையும் தன் தரவைத் தானே வைத்துக்கொள்ளும். மற்றவற்றோடு, முன்பே ஒப்புக்கொண்ட வடிவில் செய்தி மட்டும் பரிமாறும். 2014-ல் ஜேம்ஸ் லூயிஸும் மார்ட்டின் ஃபவுலரும் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இந்தப் பெயர் பரவலானது. தேவை அதற்கு முன்பே வந்துவிட்டது. 2008 ஆகஸ்டில் நெட்ஃபிளிக்ஸின் தரவுத்தளம் பழுதாகி, மூன்று நாள் வாடிக்கையாளர்களுக்கு டிவிடி அனுப்ப முடியாமல் போனது. அந்த நிறுவனம் மென்பொருளைப் பிரித்து மேகக் கணினிக்கு மாற்றி முடிக்க 2016 ஜனவரி ஆயிற்று.

நம் கையிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. கோயில் வாசலில் அர்ச்சனைத் தட்டு வாங்கி, க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்கிறோம். 2016 ஏப்ரல் 11 அன்று அறிமுகமான யுபிஐ, சேவைகளைக் கோத்துக் கட்டிய பெரிய அமைப்பு. செயலி, யுபிஐயை நடத்தும் என்.பி.சி.ஐ.யின் இணைப்பு மையம், நம் வங்கி, கடைக்காரர் வங்கி எல்லாம் தனித்தனி நிறுவனங்கள், தனித்தனிக் கணினிகள். நாம் அழுத்தும் ரகசிய எண்ணைச் செயலியால் படிக்க முடியாது. அது பூட்டிய வடிவில் நம் வங்கிக்குப் போய், அங்கேதான் சரிபார்க்கப்படுகிறது. அவரவருக்கு வேண்டியது மட்டுமே அவரவருக்குத் தெரியும்.

சிக்கலும் இங்கேதான். நம் கணக்கில் பணம் எடுத்தாயிற்று, கடைக்காரருக்கு உறுதிச் செய்தி வரவில்லை. ஒரே தரவுத்தளமாக இருந்தால் மொத்தத்தையும் ரத்துசெய்துவிடலாம். நான்கு இடங்களில் பிரிந்து கிடக்கும்போது அது முடியாது. நடந்ததற்கு எதிர்ச்செயலாக, எடுத்த பணத்தைத் திருப்பிப் போட வேண்டும். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் இதற்குக் கெடு விதித்தது. தனிநபருக்கு அனுப்பியது மறுநாளுக்குள், கடைக்குச் செலுத்தியது ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாமதித்தால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. இதை நான் உயர்வாக மதிக்கிறேன். அறுந்துபோகும் இடத்தை முன்பே எண்ணிப் பார்த்து எழுதிய விதி இது.

திருவாமாத்தூரில் இன்னொரு கதையும் உண்டு. கோயில் பம்பையாற்றின் எந்தக் கரையில் இருக்கிறது என்பதைப் புலவர்கள் மாற்றிப் பாடிவிட, வெள்ளம் வந்து ஆறே தடம் மாறியதாம். பாட்டு நின்றது, ஆறு நகர்ந்தது. சேவைகளுக்கும் இது பொருந்தும். வெளியே சொல்லிவிட்ட செய்தி வடிவம் நிற்க வேண்டும்; அதற்குள் ஓடும் நிரலை எத்தனை முறையும் மாற்றலாம். வடிவத்தைச் சொல்லாமல் மாற்றினால், அதை நம்பிய சேவைகள் ஒன்றன்பின் ஒன்றாக விழும்.

பிரித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது தவறான நம்பிக்கை. அமேசான் பிரைம் வீடியோவில், காட்சித் தரத்தைக் கண்காணிக்கும் கருவியைப் பல துண்டுகளாகக் கட்டியிருந்தார்கள். அதை ஒரே நிரலாகச் சேர்த்தபோது செலவு 90 சதவீதத்துக்கு மேல் குறைந்ததாக, அந்தப் பொறியாளர்களே 2023-ல் எழுதினார்கள். துண்டுகளுக்கிடையே தரவு போய்வருவதற்கே பணம் கரைந்திருக்கிறது.

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ இருந்துகொண்டு, கடைக்கோ பள்ளிக்கோ மென்பொருள் எழுதும் இளைஞர்களிடம் என் வேண்டுகோள் இது: இரண்டு மூன்று பேர்தான் என்றால் ஒரே நிரலாகவே தொடங்குங்கள். கணக்கு, சரக்கிருப்பு, வாடிக்கையாளர் என்று உள்ளே எல்லைகளை மட்டும் இன்றே தெளிவாகப் போட்டு வையுங்கள். வேலை பெருகிப் பிரிக்க வேண்டிய நாள் வந்தால், எங்கே பிரிப்பது என்பதை அந்த எல்லைகளே காட்டித் தரும்.