ஹோல்டனைக் கண்டால் எரிச்சல் வருதா, சார்?

''அப்பா வக்கீல். வீட்டில் பணத்துக்குப் பஞ்சமில்லை. நல்ல ஹாஸ்டல் ஸ்கூல். அஞ்சு பாடத்தில் நாலில் ஃபெயிலாகி, சீட்டைக் கிழிச்சு அனுப்பிட்டாங்க. அதுக்கு ஊரையெல்லாம் திட்டறான்! இவன் புலம்பலை இருநூறு பக்கத்துக்கு மேல நான் எதுக்குப் படிக்கணும்?''

'தி கேட்சர் இன் த ரை' நாவலைப் பாதியிலேயே மூடி வைத்தவர்களைக் கேட்டால் பெரும்பாலும் இப்படித்தான் சொல்வார்கள். நியாயமான கேள்விதான்!

ஜே.டி.சாலிங்கர் எழுதி, 1951 ஜூலையில் அமெரிக்காவில் வெளிவந்த நாவல் இது. பல கோடிப் பிரதிகள் விற்றது. சில பள்ளிகளில் பாடமாக வைத்தார்கள். சில பள்ளிகளில், 'ஐயையோ, கெட்ட வார்த்தை!' என்று தூக்கியெறிந்தார்கள். 1960-ல் துல்சா நகரத்தில், இதை மாணவர்களுக்குப் படிக்கக் கொடுத்த டீச்சருக்கு வேலையே போய், பிறகு திரும்பக் கிடைத்தது.

கதை சொல்பவன் ஹோல்டன் கால்ஃபீல்டு. கதை நடக்கும்போது வயது பதினாறு. கிறிஸ்துமஸுக்குச் சில நாள் இருக்கும்போது ஸ்கூலை விட்டு நீக்குகிறார்கள். விஷயம் வீட்டுக்குத் தெரியும்வரை எப்படியாவது ஓட்டலாம் என்று, சொல்லாமல் கொள்ளாமல் ராத்திரி ரயிலேறி நியூயார்க் வந்துவிடுகிறான். ஓட்டல், டாக்ஸி, பார், பார்க் பெஞ்ச் என்று அலைகிறான். பார்க்கிற ஆளெல்லாம் அவனுக்குப் 'போலி'!

ஐயா மட்டும் ரொம்ப ஒழுங்கோ? அதுதான் இல்லை. சினிமாவே பிடிக்காது என்பான். வாயைத் திறந்தால் சினிமா. ரயிலில் ஒரு அம்மா எதிர்ப்படுகிறார். அவர் மகன் ஹோல்டனோடு படிப்பவன். ஹோல்டனுக்கு அவனைக் கண்டாலே ஆகாது. ஆனால், அந்தத் தாயிடம், 'உங்க பையனைப் போல உண்டா!' என்ற ரீதியில் அளந்து விடுகிறான் பாருங்கள்... அந்த அம்மாவுக்கு உச்சி குளிர்ந்து போகிறது!

நாம் மட்டும் என்ன? மேனேஜரின் அறுவை ஜோக்குக்கு முதல் ஆளாகச் சிரிக்கிறோம். பிடிக்காதவன் பிரிவுபசார விழாவில் மைக்கைப் பிடித்து, 'ஈடு செய்ய முடியாத இழப்பு' என்கிறோம். ஹோல்டன் பார்த்தால் நம்மைத்தான் முதலில் 'போலி' என்பான். அவனைக் கண்டு எரிச்சல் வருவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்!

சரி, விஷயத்துக்கு வருவோம்.

நாவலின் நடுவே, போகிறபோக்கில் ஒரு சமாச்சாரம் சொல்கிறான். அவனுக்கு ஆலி என்று ஒரு தம்பி. 1946-ல் ரத்தப் புற்றுநோயில் இறந்து போனான். வயது பதினொன்று. தன் பேஸ்பால் கையுறை முழுக்கப் பச்சை மையில் கவிதை எழுதி வைத்திருந்த பையன். அவன் இறந்த ராத்திரி, பதின்மூன்று வயது ஹோல்டன் கார் ஷெட்டில் படுத்துக் கிடந்து, அங்கிருந்த ஜன்னல் கண்ணாடிகளையெல்லாம் வெறுங்கையால் குத்தி உடைத்தான். கை போயிற்று. மழை வந்தால் இன்னும் வலிக்கிறது. முஷ்டியைச் சரியாக மடக்க வரவில்லை.

இவ்வளவுதான் சொல்கிறான். உடனே வேறு பேச்சுக்குத் தாவி விடுகிறான்.

இதைக் கவனித்தவர்களுக்கு மற்ற பக்கங்கள் வேறு மாதிரி தெரியும். சென்ட்ரல் பார்க் குளம் உறைந்து போனால் அங்கே இருக்கிற வாத்தெல்லாம் எங்கே போகும் என்று டாக்ஸிக்காரர்களைக் கேட்கிறானே... முதல் தடவை படிக்கும்போது, 'லூஸா இவன்?' என்று தோன்றும். இரண்டாம் தடவை, காணாமல் போகிறவர்கள் எங்கே போகிறார்கள் என்றல்லவா கேட்கிறான் என்று தோன்றும். தெருவைக் கடக்கும்போது பயம் வந்து, செத்துப் போன தம்பியைத் துணைக்குக் கூப்பிடுகிற இடத்தில் சிரிப்பு வராது.

சாலிங்கருக்கும் வாய்விட்டுச் சொல்லாத துக்கம் இருந்தது. 1944-ல் நார்மண்டிக் கடற்கரையில் இறங்கிய அமெரிக்கப் படையில் அவரும் ஒருவர். போர் முடிந்த 1945-ல், மனம் நொந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். நாவலில் போர்க்களமே கிடையாது. எதையோ சொல்ல வந்து சொல்லாமல் விட்ட பையன் மட்டும் இருக்கிறான்.

ஹோல்டனோடு அளவுக்கு மீறி ஒன்றிப் போனவர்களும் உண்டு. 1980 டிசம்பர் 8-ம் தேதி ஜான் லெனனைச் சுட்டுக் கொன்றவன், போலீஸ் வரும்வரை அங்கேயே நின்று இந்தப் புத்தகத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தான். 'நான்தான் ஹோல்டன்' என்கிற நினைப்பு! நாவலில் வரும் ஹோல்டனோ சண்டை போட்டால் அடி வாங்குகிற ரகம். வயல் ஓரத்துப் பள்ளத்தில் குழந்தைகள் விழாமல் பிடித்து நிறுத்துவதுதான் அவன் விரும்பும் உத்தியோகம். தலைப்பே அதிலிருந்து வந்ததுதான்.

'யாருக்கு வந்த விருந்தோ' என்று புத்தகத்தை மூடியவரும் சரி, 'அவனே நான்' என்று கிளம்பியவனும் சரி... அவன் பேச்சை முழுசாகக் கேட்கவில்லை. கதாநாயகனோடு ஒன்றிப் போக, அவன் நம்மைப் போல இருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. அவனைப் பிடிக்க வேண்டும் என்றுகூட இல்லை. கொஞ்ச நேரம் குறுக்கே பேசாமல் உட்கார்ந்தால் போதும்.

நாவலில் அப்படி உட்காருகிறவள் பத்து வயதுத் தங்கை ஃபீபி. 'உனக்குப் பிடிச்சது ஒண்ணே ஒண்ணு சொல்லு' என்று மடக்குகிறாள். யோசித்து யோசித்து, செத்துப் போன தம்பியின் பெயரைத்தான் சொல்கிறான் அண்ணன். கடைசியில், கொட்டுகிற மழையில் அவள் குடை ராட்டினத்தில் சுற்றுகிறாள். பெஞ்சில் நனைந்துகொண்டே பார்த்துக்கொண்டிருக்கிறான் ஹோல்டன். சந்தோஷத்தில் அழுகை முட்டுகிறது.

உங்கள் வீட்டிலும் ஒரு தம்பியோ, அக்கா பையனோ கதவைப் படாரென்று சாத்திக்கொண்டு, 'எல்லாம் வேஸ்ட்!' என்று கத்திக்கொண்டிருக்கலாம். 'உனக்கு என்னடா குறைச்சல்?' என்று ஆரம்பிக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, 'அப்புறம்?' என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

பதில் உடனே வராது. கொஞ்சம் வாத்துக் கதையெல்லாம் கேட்க வேண்டியிருக்கும்!