புயலுக்குப் பின் வீட்டுத் தென்னை

ஆந்திரப் பிரதேசத்தின் வடகோடியில், ஸ்ரீகாகுளம் மாவட்டக் கடலோரத்தில் உத்தானம் என்றொரு நிலப்பகுதி உண்டு. கவிட்டி, சோம்பேட்டா, கஞ்சிலி, மந்தசா, வஜ்ரபுகொத்தூரு முதலிய மண்டலங்களை உள்ளடக்கிய இப்பகுதியில் தென்னையும் முந்திரியும் பலாவும் வீட்டைச் சூழ்ந்து நிற்பது வழக்கம். 2013 அக்டோபரில் வீசிய பைலின் புயல் இத்தோப்புகளைச் சேதப்படுத்தியது. சாய்ந்த மரங்களுக்குப் பதிலாக நட்ட நெட்டைக் கன்றுகள் பாளை விடுவதற்குள், 2018 அக்டோபர் 11ஆம் நாள் தித்லி புயல் பலாசாவிற்கு அருகே கரை கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு 140 முதல் 150 கிலோ மீட்டர். அடுத்த ஆண்டு மே 3ஆம் நாள், ஃபானி புயல் ஒடிசாவின் பூரி மாவட்டத்தைத் தாக்கியது. தேங்காய் வாணிபத்திற்குப் பெயர்பெற்ற சாக்கிகோபால் அம்மாவட்டத்தில்தான் இருக்கிறது.

நெல் அழிந்தால் அடுத்த பருவத்தில் மீண்டும் விதைக்கலாம். தென்னையின் கணக்கு வேறு. புயலுக்குப் பிந்தைய சீரமைப்பில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை, இம்மரத்தின் காலக்கணக்கை அறியாமையால் நேர்பவை.

மரத்தின் காலக்கணக்கு

தென்னைக்கு வளர்முனை ஒன்றே ஒன்று. அது கொண்டையின் நடுவே குருத்துக்கடியில் உள்ளது. அது செத்தால் மரம் செத்தது. கிளை விட்டுப் பிழைக்க வழியில்லை. ஆனால் அது உயிரோடிருந்தால், மட்டைகள் அனைத்தும் முறிந்த மரமும் மீளக்கூடும். நல்ல நிலையிலுள்ள நெட்டை மரம் ஆண்டிற்கு ஏறத்தாழ 12 முதல் 14 மட்டைகள் விடும். அதாவது, மாதத்திற்கு ஒன்று. ஆகவே, மொட்டையாக நிற்கும் மரத்தில் உயிர் உண்டா இல்லையா என்பது மூன்று நான்கு மாதங்களில் தெரிந்துவிடும்.

புயலடித்த மறுவாரமே மரம் அறுப்போர் ஊருக்குள் வந்துவிடுகின்றனர். கையில் காசில்லாத குடும்பம் மொட்டை மரத்தையும் சேர்த்து விற்றுவிடுகிறது. பிழைத்திருக்கக்கூடிய மரம் இவ்வாறு விறகாகிறது. குருத்தைப் பிடித்து இழுக்கும்போது எளிதில் கையோடு வந்து, அடியில் அழுகல் நாற்றம் வீசினால்தான் நம்பிக்கை குறைவு. அப்போதும், நோய் தொடக்க நிலையில் இருந்தால், அழுகிய பகுதியைச் செதுக்கி நீக்கி, 10 சதவீத போர்டோ பசையைத் தடவிக் காப்பாற்ற முடியும்.

ஒவ்வொரு மட்டையின் இடுக்கிலும் ஒரு பாளை உருவாகிறது. அதன் முளை மரத்தினுள்ளே தோன்றிப் பாளையாக வெடிப்பதற்குச் சுமார் 32 மாதங்கள் பிடிக்கின்றன. பாளை வெடித்த பின்னர் காய் முற்ற மேலும் 12 மாதங்கள். எனவே, புயல் நாளன்று மரத்தினுள் உருவான முளை தேங்காயாகக் கைக்கு வருவதற்கு 44 மாதங்கள் ஆகும். நிமிர்ந்து நிற்கும் மரத்திலும் காய்ப்பு மூன்றரை ஆண்டுகளுக்குமேல் குன்றியிருக்கக் கூடும் என்பதற்கு இதுவே காரணம். இதை அறியாத உரிமையாளர், இரண்டாம் ஆண்டில் காய் குறைவதைக் கண்டு, மரம் கெட்டுவிட்டதாகக் கருதி வெட்டிவிடுவதும் உண்டு.

முதல் சில மாதங்கள்

முதல் வேலை தொங்கும் மட்டைகளைக் கழிப்பது. பச்சையாக உள்ள மட்டை பாதி முறிந்திருந்தாலும் அதை விட்டுவைக்க வேண்டும். மரத்திற்கு அப்போது உணவு தருவது அதுவே. காயமுற்ற கொண்டையில் குருத்தழுகல் எளிதில் பற்றும். 1 கிலோ மயில் துத்தமும் 1 கிலோ சுண்ணாம்பும் 100 லிட்டர் நீரில் சேர்ந்த ஒரு சதவீத போர்டோ கலவையைக் குருத்திலும் சுற்றியுள்ள மட்டைகளிலும் தெளிப்பது தடுப்பு முறையாகும். கலவையை அன்றன்றே தயாரித்துப் பயன்படுத்த வேண்டும்.

சாய்ந்த இளங்கன்றுகளை மெல்ல நிமிர்த்தி, முட்டுக் கொடுத்து, தூரில் மண் அணைத்தால் பெரும்பாலும் வேர் பிடித்துக்கொள்ளும். வயதான மரத்தைக் கயிறு கட்டி இழுத்து நிமிர்த்த முயல்வது வீண். எஞ்சிய வேர்களும் அறுபடும். அவ்வாறு சாய்ந்த மரம் ஒருபுறம் வேர் பிடித்திருந்தால், தானே மேல்நோக்கி வளைந்து வளரும். பார்வைக்கு அழகில்லை எனினும் காய்க்கும். கடல்நீர் புகுந்த தோட்டத்தில் நீரை உடனே வடித்து, மழைநீரோ நல்ல நீரோ தேங்கி உப்பைக் கழுவ வழிசெய்தல் போதும். தென்னை ஓரளவு உப்பைத் தாங்கும் மரம்.

முழு உரமிடலை அவசரப்படுத்த வேண்டியதில்லை. வளர்ந்த மரத்திற்கு ஆண்டிற்கு 500 கிராம் தழைச்சத்து, 320 கிராம் மணிச்சத்து, 1,200 கிராம் சாம்பல்சத்து என்பது பொதுவான பரிந்துரை. வேர் அறுபட்ட மரம் இவ்வளவையும் ஒருசேர எடுத்துக்கொள்ளாது. எருவும் ஈரமும் முதலில். புதுக் குருத்து விரிந்த பின்னரே இரசாயன உரம், அதுவும் பிரித்து.

இரண்டாவது சேதம்

புயல் கொல்லாத மரத்தை வண்டு கொல்வதுண்டு. விழுந்த மரங்களும் அறுத்தபின் எஞ்சிய தூர்களும் மழையில் நனைந்து மட்கும்போது, காண்டாமிருக வண்டுகளுக்கு அவை இனப்பெருக்க நிலையங்களாகின்றன. அடுத்த ஆண்டில் இவ்வண்டுகள் பிழைத்த மரங்களின் குருத்தைத் துளைக்கும். அத்துளைகளிலும் பழைய காயங்களிலும் சிவப்புக் கூன்வண்டு முட்டையிடும். கூன்வண்டின் தாக்குதல் வெளியே தெரியும்போது மரம் பெரும்பாலும் கைவிட்டுப் போயிருக்கும்.

விழுந்த மரங்களைச் சில மாதங்களுக்குள் அகற்றுவது, சுருங்கச் சொன்னால், நின்ற மரங்களுக்கான காப்பீடு. அடிமரத்தின் வெளிப்பகுதி உறுதியானது. பலகைக்கும் விட்டத்திற்கும் ஆகும். ஆகாதவற்றை எரித்துவிட வேண்டும். எருக்குழிகளில் மெட்டாரைசியம் என்னும் பச்சைப் பூஞ்சையைக் கலப்பதும், மேல் மூன்று மட்டை இடுக்குகளில் வேப்பம் பிண்ணாக்கையும் மணலையும் சமமாகக் கலந்து இடுவதும் பயன் தரும். ஆனால் ஒருவர் மட்டும் தம் கொல்லையைச் சுத்தம் செய்து பயனில்லை. வண்டுக்கு வேலி கிடையாது. ஊர் முழுவதும் சேர்ந்து செய்ய வேண்டிய பணி இது. பஞ்சாயத்தும் தோட்டக்கலைத் துறையும் கவனம் செலுத்த வேண்டிய இடம் இங்குதான்.

நிவாரணக் கணக்கு

தித்லி, ஃபானி புயல்களின்போது நடைமுறையிலிருந்த 2015-20ஆம் ஆண்டுகளுக்கான பேரிடர் நிவாரண நெறிமுறைகள், பல்லாண்டுப் பயிருக்கு ஹெக்டேருக்கு 18,000 ரூபாய் என வகுத்திருந்தன. சேதம் 33 சதவீதத்திற்குக் குறையக்கூடாது. ஹெக்டேருக்கு 175 மரங்கள் எனக் கொண்டால், மரத்திற்குக் கிடைப்பது சுமார் 103 ரூபாய். இருபது மரங்கள் கொண்ட ஒரு வீட்டுத் தோட்டத்திற்கு ஏறக்குறைய 2,060 ரூபாய். 2022-26 நெறிமுறைகளில் இத்தொகை ஹெக்டேருக்கு 22,500 ரூபாயாக உயர்ந்தது. கணக்கின் அடிப்படை மாறவில்லை. பரப்பு நெல்லுக்குப் பொருத்தமான அளவுகோல். வீட்டைச் சுற்றி ஒழுங்கின்றி நிற்கும் தென்னைக்கு மரமே அலகாக இருத்தல் வேண்டும்.

2009இல் தொடங்கிய தென்னை மரக் காப்பீட்டுத் திட்டம் இவ்வகையில் சரியான அடியெடுத்து வைத்தது. பின்னர் திருத்தப்பட்டபடி, 16 முதல் 60 வயதுடைய மரத்திற்கு 1,750 ரூபாய் காப்பீடு; பிரீமியம் 14 ரூபாய். அதில் பாதியைத் தென்னை வளர்ச்சி வாரியமும் கால் பங்கை மாநில அரசும் ஏற்றதால், விவசாயி கொடுக்க வேண்டியது மூன்றரை ரூபாய்தான். ஐந்து மரங்கள் இருந்தாலே சேரலாம். எனினும், மரம் மடிந்தாலோ அறவே பயனற்றுப் போனாலோதான் இழப்பீடு. காய்ப்புக் குன்றி நிற்கும் மரம் இக்கணக்கிலும் சேராது.

கணக்கெடுக்கும் அலுவலர் செய்யக்கூடியது ஒன்றுண்டு. விழுந்தவை, கொண்டை முறிந்தவை, சேதமுற்று நிற்பவை என மரங்களை மூவகையாகப் பதிந்து, நான்கு மாதங்களுக்குப் பின் இரண்டாம் வகையை மீண்டும் பார்வையிட்டால், உண்மை இழப்பும் தெரியும். நிவாரணத்திற்காகவே உயிருள்ள மரத்தை வெட்டும் போக்கும் குறையும்.

புதிய கன்றுகள்

நெட்டை இரகம் பாளை விட ஆறு ஏழு ஆண்டுகளும், குட்டை இரகம் மூன்று நான்கு ஆண்டுகளும் ஆகும். இடைப்பட்ட காலத்தில் குடும்பம் எதை உண்பது? கொண்டைகள் குறைந்ததால் தோட்டத்தில் வெயில் விழுகிறது. வாழை, சேனைக்கிழங்கு, மஞ்சள் ஆகியவற்றை இந்த ஆண்டுகளில் நன்கு பயிரிடலாம். புயல் தரும் ஒரே நன்மை இது எனலாம்.

கன்று எங்கிருந்து வருகிறது என்பதே பெரிய வினா. புயலில் உதிர்ந்த இளங்காய்கள் விதைக்கு உதவா. முற்றிய நெற்றே வேண்டும். பிழைத்த தாய்மரங்களிலும் அடுத்த விதைப் பருவத்தில் காய் அரிது. எனவே, முதல் சில ஆண்டுகளுக்கு, ஒரே புயலில் சிக்காத வேறு மாவட்டத்திலிருந்து விதைக்காய் பெறவேண்டியிருக்கும். உத்தானத்திற்குக் கோனசீமா அத்தகைய இடம். கிழக்குக் கடற்கரை நெட்டை அங்கும் உள்ளது. அம்பாஜிபேட்டை ஆராய்ச்சி நிலையமும் அங்கேயே இருக்கிறது. ஊர் பேர் தெரியாத கன்றுகளை லாரியில் கொணர்ந்து விற்போரிடம் வாங்கினால், ஏமாந்தது தெரிவதற்கு ஏழாண்டுகள் ஆகும்.

இரண்டு புயல்களையும் தாங்கி நின்று நன்கு காய்க்கும் மரங்கள் ஊர்தோறும் சில இருக்கும். ஆண்டிற்கு 80 காய்களுக்குக் குறையாமல் தந்தவற்றைப் பழைய நினைவின்படி அடையாளமிட்டு, அறுப்போர் வருமுன் வண்ணம் பூசி வைக்கலாம். மூன்று நான்கு ஆண்டுகளில் அவற்றில் காய்ப்பு திரும்பியதும், பிப்ரவரி முதல் மே வரை விதைக்காய் பறித்து, மழைக்காலத் தொடக்கத்தில் நாற்றங்காலில் ஊன்றினால், அடுத்த ஜூனில் ஒன்பது மாதத்திற்குமேல் வளர்ந்த கன்றுகள் நடவுக்குத் தயாராகும், இடைவெளி 7.5 மீட்டர்.