பனிக்கட்டி அரங்கிலே மோதிய நாடுகள்

பனிக்கட்டி என்றதும் நம்மவர்க்கு நினைவில் எழுவன சர்பத்துக் கடையும் மீன் பெட்டியுமே. மார்கழிக் குளிரில் நுவரெலியாவின் புல்நுனிகளிலே உறைபனி படிவதைக் கண்டு அதிசயிக்கும் நாம், குளமும் ஏரியும் கல்லாய் இறுகி, அவற்றின்மீது மனிதர் சறுக்கி விளையாடும் நாடுகளை மனக்கண்ணாற்றான் காணல் வேண்டும். ஆயினும் அந்நாடுகளின் ஆட்டமாகிய பனிக்கட்டி ஹொக்கி இன்று நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. கனடாவிலே குடியேறிய நம்மவரின் பிள்ளைகள் பலர், இங்கே நாம் கிரிக்கெட்டைப் பற்றி வாதிடுவதுபோல, அங்கே இவ்வாட்டத்தைப் பற்றி வாதிடுகின்றனர். பேரப்பிள்ளைகளின் பேச்சு விளங்காது விழிக்கும் பாட்டன் பாட்டிமார்க்கும், உலக சரித்திரம் பயிலும் மாணவர்க்கும் உதவும் என்றெண்ணியே இதனை எழுதப் புகுந்தோம். சரித்திர மாணவர்க்கு இதில் என்ன இருக்கின்றது என்பது போகப் போகத் தெரியும்.

ஆட்டத்தின் அமைப்பை முதலிற் சுருங்கச் சொல்லிவிடுவோம். பக்கத்துக்கு அறுவர், அவருள் ஒருவர் கோல் காப்பாளர். காலில் உருக்கு அலகு பொருத்திய காலணி. கையில் நீண்ட மட்டை. பந்துக்குப் பதிலாக மூன்று அங்குலக் குறுக்களவும் ஓரங்குலத் தடிப்புமுள்ள இறப்பர் வட்டு. இதனைப் 'பக்' என்பர். இருபது நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகளாக ஆட்டம் நடைபெறும். வேகம் மிகுதியாதலால் எவரும் நெடுநேரம் தொடர்ந்து ஆட இயலாது; ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே களைத்தவர் வெளியேற, ஓய்ந்திருந்தவர் உட்புகுவர். தோளோடு தோள் மோதுதல் இங்கே குற்றமன்று.

கூரையின் கீழ், ஒழுங்கான விதிகளோடு இவ்வாட்டம் முதன்முதல் ஆடப்பெற்றது 1875ஆம் ஆண்டு மார்ச் 3ஆந் திகதி, கனடாவின் மொன்றியால் நகரிலாகும். ஆட்டம் கனடாவிற் பிறந்தது. ஆனால் அதற்கான சர்வதேசச் சங்கமோ 1908ஆம் ஆண்டு பாரீஸ் மாநகரிற் பிறந்தது. லூயி மக்னஸ் என்ற பிரெஞ்சுக்காரர் அதன் முதல் தலைவர். பிரான்ஸ், பெல்ஜியம், சுவிற்சர்லாந்து, பிரித்தானியா, பொகீமியா ஆகிய நாடுகள் சேர்ந்தன. தாய்நாடாகிய கனடா தொடக்கத்தில் அதில் இருக்கவில்லை. 1910ஆம் ஆண்டு தை மாதம் சுவிற்சர்லாந்தின் மலைக்கிராமமாகிய லே சவான் என்னுமிடத்திலே முதலாவது ஐரோப்பியச் சுற்றுப்போட்டி நிகழ்ந்தது. வெற்றி பெற்றது பிரித்தானியா.

வேனிற்கால ஒலிம்பிக்கில் ஒரு பனி ஆட்டம்

உலகம் தழுவிய முதற் போட்டி 1920ஆம் ஆண்டு, பெல்ஜியத்தின் அன்ற்வேப் நகரில், ஒலிம்பிக் விழாவின் ஒரு பகுதியாக நடந்தது. குளிர்கால ஒலிம்பிக் என்றொன்று அப்பொழுது இல்லாமையால், வேனிற்கால விழாவின் முன்னோட்டமாகச் சித்திரை மாதத்தில் இதனை நடத்தி முடித்தனர். அக்காலத்தில் பக்கத்துக்கு எழுவர்.

கனடாவின் சார்பில் வந்தது ஒரு கழகக் கோஷ்டி. 'வினிப்பெக் பால்கன்ஸ்' என்பது அதன் பெயர். அதன் ஆட்டக்காரரிற் பெரும்பாலோர் ஐஸ்லாந்திலிருந்து கனடாவுக்கு வந்து குடியேறியோரின் மக்கள். வந்தேறிகளின் பிள்ளைகள் என்ற காரணத்தால் சொந்த நகரின் உயர்தரப் போட்டிகளிலே சேர்க்கப்படாது ஒதுக்கப்பட்டவர்கள். முதலாம் உலக யுத்தம் மூண்டதும் இவர்கள் படையிற் சேர்ந்து கடல் கடந்தனர், இருவர் திரும்பவில்லை. கோஷ்டித் தலைவர் பிராங் பிரெட்ரிக்சன் பயணஞ்செய்த கப்பல் 1918இல் மத்தியதரைக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. தமது வயலினை மார்போடு அணைத்தபடியே உயிர்ப்படகில் மீட்கப்பட்டார் என்பர். யுத்தத்தில் எஞ்சியோர் மீண்டும் ஒன்றுகூடி, எதிர்த்தோரை வென்று, அன்ற்வேப்பில் சுவீடனை 12-1 என்ற கணக்கில் முறியடித்துத் தங்கப் பதக்கம் கொண்டுசென்றனர். அந்த ஒரு கோலையும் சுவீடனுக்கு இரங்கியே விட்டுக்கொடுத்தனர் என்றொரு பேச்சும் உண்டு.

அதே போட்டியில் அமெரிக்கா சுவிற்சர்லாந்தை 29-0 என வென்றது. செக்கோசிலவாக்கியாவோ, முழுப் போட்டியிலும் ஒரேயொரு கோல் போட்டு, 31 கோல்களை வாங்கி, வெண்கலப் பதக்கம் பெற்றது! அன்றைய போட்டி முறையின் கோலம் அத்தகையது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1924இல், பிரான்சின் சமொனி நகரில் கனடா ஆடிய ஐந்து ஆட்டங்களிலும் சேர்த்து 110 கோல்களைப் போட்டு, மூன்றை மட்டுமே வாங்கியது. அவற்றுள் 33 கோல்கள் சுவிற்சர்லாந்தின் வலையில் விழுந்தவை. இந்த எண்ணை வாசகர்கள் நினைவில் வைத்திருப்பார்களாக.

1930ஆம் ஆண்டு உலகப் போட்டி தனித்து நடைபெறத் தொடங்கியது. அவ்வாண்டு சமொனியிலே வெயில் ஏறிப் பனி உருகிவிட்டபடியால், போட்டியின் எஞ்சிய பகுதியை பேர்லின் நகருக்குக் கொண்டுபோயினர். கனடாவுக்கு நேரே இறுதி ஆட்டத்தில் இடம் தரப்பட்டிருந்தது. அவர்கள் வந்தார்கள், ஆடினார்கள், பட்டத்தை எடுத்துச் சென்றார்கள். கனடாவை வெல்வார் எவருமில்லை என்றிருந்த நம்பிக்கையை 1933இல் பிராக் நகரில் அமெரிக்கா 2-1 எனத் தகர்த்தது. 1936இல் ஒலிம்பிக் தங்கத்தைப் பிரித்தானியா வென்றது. ஆனால் அக்கோஷ்டியிற் பெரும்பாலோர் பிரித்தானியாவிற் பிறந்து கனடாவில் வளர்ந்து ஆட்டம் பயின்றவர்கள். கனடா முணுமுணுத்ததில் வியப்பில்லை.

பிராக் நகரத்து இளைஞர்கள்

இனிச் சொல்லப் போவதே இக்கதையில் நம் நெஞ்சை மிகவும் தொட்ட பகுதி.

இரண்டாம் உலக யுத்தத்தின்பின் முதற் போட்டி 1947இல் பிராக் நகரில் நடந்தது. கனடா வரவில்லை, செக்கோசிலவாக்கியா முதன்முறையாக உலக சம்பியனாயிற்று. அடுத்த ஆண்டு ஒலிம்பிக்கில் கனடாவின் விமானப் படைக் கோஷ்டியோடு மோதி, ஒரு கோலும் விழாமற் சமநிலை கண்டது. போட்டி முடிவிற் கோல் கணக்கினாலேயே தங்கத்தை இழந்தது. அதே மாதத்தில் அந்நாட்டின் ஆட்சி கம்யூனிஸ்டுக் கட்சியின் கைக்கு மாறியது. அவ்வாண்டு நவம்பர் 8ஆந் திகதி பாரீசிலிருந்து இலண்டனுக்குப் புறப்பட்ட சிறு விமானமொன்று ஆங்கிலக் கால்வாய்க்கு மேலே காணாமற் போயிற்று. அதில் இருந்தவர்களுள் அறுவர் தேசியக் கோஷ்டியின் ஆட்டக்காரர். அவர்களை இழந்த கோஷ்டியே நான்கு மாதங்களுள் ஸ்ரொக்ஹோம் சென்று, கனடாவை 3-2 என வென்று, 1949இன் உலகப் பட்டத்தை மீண்டும் பெற்றது. விளையாட்டுச் சரித்திரத்தில் இதற்கு நிகரான மனவுறுதியை நாம் அதிகம் வாசித்ததில்லை.

அவ்வீரர்களுக்குக் கிடைத்த வெகுமதி யாது? 1950ஆம் ஆண்டு மார்ச் மாதம், பட்டத்தைக் காப்பதற்காக இலண்டன் புறப்பட விமான நிலையத்தில் நின்றவர்களை அரசாங்கம் தடுத்துவிட்டது. வானொலி நிருபர்களுக்குப் பிரித்தானியா அனுமதி தரவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். உண்மைக் காரணம், போனவர்கள் திரும்பி வரமாட்டார்கள் என்ற அச்சம். இரண்டு நாட்களின் பின், பிராக்கிலே ஒரு மதுச்சாலையிற் கூடி மனம் வெதும்பி அரசாங்கத்தை ஏசிய ஆட்டக்காரர்களை இரகசியப் பொலிசார் வளைத்துப் பிடித்தனர். இராசத்துரோகம், உளவு என்பன குற்றச்சாட்டுகள். கோல் காப்பாளர் பொகுமில் மொட்ரிக்குப் 15 ஆண்டுச் சிறை. ஆகஸ்டின் புப்னிக்குப் 14 ஆண்டு. உலக சம்பியன்கள் யுரேனியச் சுரங்கத்திலே கைதிகளாக மண் சுமந்தனர். 1955இல் விடுதலை கிடைத்தது. எனினும் உடல் நலிந்த மொட்ரி 1963இல், 46ஆம் வயதிற் காலமானார்.

புப்னிக்கின் கதை சற்று வேறு. பின்னாளில் அவர் பின்லாந்துக் கோஷ்டியின் பயிற்சியாளரானார். 1967ஆம் ஆண்டு வியன்னாவில் நடந்த உலகப் போட்டியிலே பின்லாந்து முதன்முதலாகச் செக்கோசிலவாக்கியாவை 3-1 என வென்றது. தம்மைச் சுரங்கத்துக்கு அனுப்பிய நாட்டின் கோஷ்டி தோற்றபோது அவர் மனத்தில் என்ன ஓடியிருக்கும்! மகிழ்ச்சியா, துயரமா? இரண்டும் கலந்தே இருந்திருக்கும் என்று எண்ணுகின்றோம்.

பந்திலிருந்து வட்டுக்கு

ருஷியர் நெடுங்காலமாகப் பனிமீது பந்து கொண்டு, பக்கத்துக்குப் பதினொருவராய் ஆடிவந்தவர்கள். இறப்பர் வட்டு ஆட்டத்தை 1946இலேதான் ஒழுங்காகத் தொடங்கினர். எட்டாண்டுகள் கழித்து, 1954இல் ஸ்ரொக்ஹோமில் முதன்முறை உலகப் போட்டிக்கு வந்து, கனடாவை 7-2 என அடித்துப் பட்டம் வென்றனர். அதன் தலைவர் விசெவலொட் பொப்ரொவ், நம் காலத்தில் காண்பதற்கரிய ஒருவர். 1952இல் ஒலிம்பிக்கிலே சோவியத் உதைபந்தாட்டக் கோஷ்டிக்கும் அவரே தலைவராயிருந்தார். தொழில்முறை ஆட்டக்காரர்களை அனுப்ப இடமில்லாத விதியினால், கனடா ஊர்க் கழகமொன்றையே அனுப்பிவந்தது. பகலில் வேலை, மாலையில் ஆட்டம் என்றிருந்தவர்கள் அவர்கள். எதிரே வந்தவர்களிற் பலரோ, பெயரளவில் இராணுவத்தினர். ஆண்டு முழுவதும் ஆட்டமே அவர்தம் உத்தியோகம். இது நேரிய போட்டியன்று என்று கனடா பல்லாண்டுகள் சொல்லிவந்தது. அதில் நியாயமும் இருந்தது. 1961இல் வென்ற பட்டத்துக்குப் பின் மறுபட்டத்தைக் காணக் கனடா 1994 வரை காத்திருந்தது. இடையில் 1970 முதல் ஏழாண்டுகள் உலகப் போட்டிப் பக்கமே வரவில்லை. 1963 முதல் 1971 வரை ஒன்பது ஆண்டுகளும் தொடர்ந்து சோவியத் யூனியனே சம்பியன்.

அரசியலும் விடவில்லை. ஹங்கேரியிலே சோவியத் படை புகுந்ததைக் கண்டித்து, 1957இல் மொஸ்கோவில் நடந்த போட்டியைக் கனடாவும் அமெரிக்காவும் பகிஷ்கரித்தன. சென்ற சுவீடன், 50,000க்கு மேற்பட்டோர் கூடிய திறந்தவெளி அரங்கிலே சோவியத்தோடு 4-4 எனச் சமநிலை கண்டு, பட்டத்தைக் கைப்பற்றித் திரும்பியது.

1968 ஆவணியில் சோவியத் தாங்கிகள் பிராக் வீதிகளிலே புகுந்தன. அடுத்த ஆண்டு உலகப் போட்டி அந்நகரிலேயே நடைபெற இருந்தது; அது ஸ்ரொக்ஹோமுக்கு மாற்றப்பட்டது. அங்கே 1969 மார்ச் 21ஆந் திகதி செக்கோசிலவாக்கியா சோவியத்தை 2-0 என வென்றது. ஆட்டக்காரர் சிலர் தம் சீருடையிலிருந்த செந்நட்சத்திரத்தை நாடாவினால் மறைத்திருந்தனர். ஆட்டம் முடிந்ததும் எதிரணியினரோடு கைகுலுக்க மறுத்தனர். ஒரு வாரம் கழித்து, 28ஆந் திகதி, மறுபடியும் 4-3 என வெற்றி. அன்றிரவு பிராக்கின் வென்சலாஸ் சதுக்கத்திலே சுமார் 150,000 பேர் திரண்டனர். ஏழு மாதங்களாக வாய் திறவாதிருந்த மக்கள் கோல் கணக்கைக் கூவிக் கொண்டாடினர். சோவியத் விமானக் கம்பனியின் காரியாலயம் அடித்து நொறுக்கப்பட்டது. அதன் வாயிலருகே தெருக்கற்கள் முன்கூட்டியே குவிக்கப்பட்டிருந்தமையால், இரகசியப் பொலிசாரே தூண்டிவிட்டனர் என்ற சந்தேகம் அன்று தொட்டு இன்றுவரை நிலவுகின்றது. எவ்வாறாயினும் மொஸ்கோவுக்கு வேண்டிய சாட்டு கிடைத்துவிட்டது. ஏப்ரல் 17ஆந் திகதி கட்சித் தலைவர் டுப்செக் பதவி நீக்கப்பட்டார். அந்த இரு வெற்றிகளாலும் உலகப் பட்டங்கூடக் கிட்டவில்லை. மூன்று நாடுகள் 16 புள்ளிகள் பெற்றுச் சமமாய் நிற்க, கோல் கணக்கிற் சோவியத் முதலிடம் பெற்றது. இருந்தும் பிராக் முதியோரைக் கேட்டால், அந்த ஆண்டின் வெண்கலத்தையே முதலிற் சொல்வார்கள்.

1972 செப்டம்பரிலே, தொழில்முறை ஆட்டக்காரரைக் கொண்ட கனடாக் கோஷ்டி முதன்முறையாகச் சோவியத்தை எட்டு ஆட்டங்களிற் சந்தித்தது. எளிதில் வெல்வோம் என்றிருந்த கனடா, சொந்த மண்ணில் முதல் ஆட்டத்தையே 7-3 என இழந்தது. கடைசி ஆட்டத்தில், மொஸ்கோவிலே, முடிவுக்கு 34 வினாடிகள் இருக்கையில் போல் ஹென்டர்சன் போட்ட கோலே தொடரைக் காத்தது. சோவியத்தின் பயிற்சியாளர் அதே பொப்ரொவ். 1980இல் அமெரிக்கக் கல்லூரி இளைஞர்கள் லேக் பிளாசிட் ஒலிம்பிக்கில் சோவியத்தை 4-3 என வென்ற கதை சினிமாவிலும் வந்துவிட்டபடியால் இங்கு விரிக்கவில்லை. பெண்களின் முதலாவது உலகப் போட்டி 1990இல் ஒட்டாவா நகரில் நடந்தது, வென்றது கனடா. 1998இல் ஜப்பானின் நகானோவிலே பெண்கள் ஆட்டம் ஒலிம்பிக்கிலும் இடம்பெற்றது. நமது மாணவியர் இதனைக் குறித்துக்கொள்வார்களாக.

தேசப்படம் மாறியபோது போட்டியும் மாறியது. செக்கோசிலவாக்கியா 1993இல் இரண்டாய்ப் பிரிந்தது. பழைய இடம் செக் குடியரசுக்கே தரப்பட, சிலவாக்கியா மூன்றாம் பிரிவிலிருந்து ஏறவேண்டியதாயிற்று. சளைக்காது ஏறி, 2002இல் ருஷியாவை 4-3 என வென்று உலக சம்பியனாயிற்று. உக்ரேன் யுத்தத்தின் காரணமாக ருஷியாவும் பெலாருசும் 2022இல் விலக்கி வைக்கப்பட்டன.

2024ஆம் ஆண்டு உலகப் போட்டி மறுபடியும் பிராக்கிலே நடந்தது. அரையிறுதியிற் கனடாவை எதிர்த்து நின்றது சுவிற்சர்லாந்து. சரியாக நூறு ஆண்டுகளுக்கு முன் 33 கோல்களை வாங்கிய அதே சுவிற்சர்லாந்து. ஆட்டம் சமநிலையில் முடிய, தனித்தனியே கோல் எறியும் முறையில் 3-2 எனச் சுவிற்சர்லாந்து வென்றது. இறுதி ஆட்டத்தில் அதனைச் செக் குடியரசு 2-0 எனத் தோற்கடித்தது. அன்றிரவும் பிராக் மக்கள் தெருவுக்கு வந்தனர். இம்முறை எவரும் கற்களைக் குவித்து வைக்கவில்லை.